குடும்பத் தலைவர் படி

ஒரே பள்ளிக்கூடம், ஒரே மாதிரி வேலை. கல்யாணமான ஆண் வாத்தியாருக்கு மட்டும் சம்பளத்துக்கு மேல தனியா ஒரு படி. கல்யாணமான டீச்சருக்குக் கிடையாது. ஏன்னு கேட்டா, குடும்பத்துக்குத் தலை புருஷன்தான்னு வேதத்துல இருக்காம்!

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்துல, ரோனோக் ஊர்ல ஷெனன்டோவா பாப்டிஸ்ட் சபை நடத்திய பள்ளியின் கதை இது. 1970-களில் அங்கே சபைகள் ஊருக்கு ஊர் பள்ளிகள் திறந்தன. நிறைய பேர் அங்கீகாரமே வேண்டாம்னாங்க. அரசாங்கத்துக்கிட்ட சான்று வாங்கினா நாளைக்கு அது உள்ளே வந்து உட்கார்ந்துக்கும்னு பயம். நெப்ராஸ்காவில் எவரெட் சைலவன் என்ற போதகர் இதுக்காக 1982-ல ஜெயிலுக்கே போனார். 1984-ல அந்த மாநிலம் சட்டத்தையே தளர்த்திடுச்சு.

இந்த மாதிரிப் பள்ளிகளில் சம்பளம் பத்தி யாரும் பேச முடியாது. அது வேலையில்லை, ஊழியம்! 'ஊழியத்துக்கு வந்துட்டு காசு கேக்கிறியா?'ன்னு ஒருத்தர் வாயைத் திறந்து கேட்கணும்னுகூட அவசியமில்லை, அந்தச் சொல்லே கேட்டுடும்.

ரோனோக் பள்ளிமேல அமெரிக்கத் தொழிலாளர் துறை வழக்கு போட்டது. ரெண்டு குற்றச்சாட்டு: பெண் ஆசிரியர்களுக்குச் சம ஊதியம் தரலை, மத்த பணியாளர்களுக்குக் குறைந்தபட்சக் கூலிகூடத் தரலை. (அந்த நாட்டுச் சட்டத்துல ஆசிரியர்களுக்குக் குறைந்தபட்சக் கூலிப் பாதுகாப்பு கிடையாது. சம ஊதியம் மட்டும்தான் உண்டு. விசித்திரம்தான்.)

எங்க ஆசிரியர்கள் பிள்ளைகளோட ஜெபிக்கிறாங்க, கணக்குப் பாடத்துலகூட விசுவாசத்தைச் சேர்த்துச் சொல்லித் தர்றாங்க, அதனால அவங்களும் போதகர்கள் மாதிரிதான், சட்டம் தலையிடக் கூடாதுன்னு சபை வாதாடுச்சு. பல டீச்சர்களும் இதை ஊழியமாத்தான் நினைக்கிறோம்னு சொன்னாங்க. அதைப் பொய்னு சொல்ல நமக்கு என்ன உரிமை?

ஆனா வழக்கு திரும்பினது வேற இடத்துல. பெண்ணுக்குக் குறைச்சுக் கொடுன்னு வேதம் சொல்லலை, சமமாக் கொடுக்க எங்க கோட்பாடு எதுவும் தடுக்கலைன்னு சபைக்காரங்களே சாட்சி சொன்னாங்க. அப்புறம் எந்த நம்பிக்கையைச் சட்டம் மிதிக்குது? 1990-ல மேல்முறையீட்டு நீதிமன்றம் சபைக்கு எதிரா தீர்ப்பு சொல்லிடுச்சு. பாக்கி, பெண் ஆசிரியர்களுக்குச் சுமார் 1,77,000 டாலர். மத்த பணியாளர்கள் 91 பேருக்குச் சுமார் 16,800 டாலர். உச்ச நீதிமன்றம் அப்பீலை எடுத்துக்கவே இல்லை.

இதுக்கு முன்னாடியே கலிஃபோர்னியாவில் ஃப்ரீமான்ட் கிறிஸ்தவப் பள்ளி, மருத்துவக் காப்பீட்டை இதே 'குடும்பத் தலைவர்' கணக்குல கொடுத்து 1986-ல தோத்திருந்தது. 1985-ல வந்த அலமோ அறக்கட்டளை வழக்கு இன்னும் சுவாரசியம். சோறும் துணியும் இடமும் மட்டும் வாங்கிக்கிட்டு அதன் வியாபாரங்களில் உழைச்சவங்களே, எங்களுக்குக் கூலி வேண்டாம்னு சாட்சி சொன்னாங்க. உச்ச நீதிமன்றம் ஒருமனதா, அவங்களுக்கும் சட்டம் பொருந்தும்னு சொல்லிடுச்சு. இப்படி விட்டுக் கொடுக்க அனுமதிச்சா, முதலாளி எல்லார்கிட்டயும் அதையே எழுதி வாங்கிடுவார்ங்கிற கவலை. எனக்கு அது ரொம்பச் சரியாப் படுது.

ரோனோக்கில் தோத்த அந்த 'ஆசிரியரும் போதகர்தான்' வாதம் சாகலை. உச்ச நீதிமன்றம் 2012-ல ஒரு லூத்தரன் பள்ளி ஆசிரியை வழக்குலயும், 2020-ல ரெண்டு கத்தோலிக்கப் பள்ளி ஆசிரியைகள் வழக்குலயும் அதை ஏத்துக்கிச்சு. அந்த வழக்குகள் வேலைநீக்கம் பத்தினவை, சம்பளம் பத்தினவை இல்லை. அதைச் சம்பளத்துக்கும் நீட்டிக்கலாமான்னு வக்கீல்கள் இன்னும் அடிச்சுக்கிட்டிருக்காங்க.