சிபி வானொலித் தள நிலையம்

சிபி வானொலித் தள நிலையம் என்பது, ஐக்கிய அமெரிக்காவில் பொதுமக்கள் உரிமம் இன்றிப் பயன்படுத்தும் 27 மெகாஹெர்ட்சு அலைப்பட்டையில், வீட்டில் நிலையாக நிறுவப்படும் குரல்வழி வானொலி நிலையம் ஆகும். வண்டிகளில் பொருத்தப்படும் கருவி நகர்நிலையம் எனப்படும். இரு கருவிகளும் கைபேசிக் கோபுரமோ இணையமோ இன்றி நேரடியாகத் தொடர்பு கொள்வதால், புயல் போன்ற இடர்க் காலங்களில் இது பயன்படுகின்றது. நில அமைப்பைப் பொறுத்து, தொடர்பு எல்லை சில கிலோமீட்டர் முதல் சில பத்துக் கிலோமீட்டர் வரை அமையும்.

வரலாறும் விதிகளும்

1958 ஆம் ஆண்டு அமெரிக்கக் கூட்டரசுத் தகவல்தொடர்பு ஆணையம் இவ்வலைப்பட்டையைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. தொடக்கத்தில் 23 ஆக இருந்த அலைத்தடங்கள் 1977 இல் 40 ஆக உயர்த்தப்பட்டன. இவை 26.965 முதல் 27.405 மெகாஹெர்ட்சு வரை பரந்துள்ளன. 1983 இல் உரிமம் பெறும் முறை கைவிடப்பட்டது. 9 ஆம் அலைத்தடம் அவசர உதவிக்கு உரியது. 19 ஆம் அலைத்தடத்தைச் சரக்குந்து ஓட்டுநர்கள் வழக்கமாகப் பயன்படுத்துகின்றனர்.

கருவியைத் தேர்ந்தெடுத்தல்

வீச்சுப் பண்பேற்றத்தில் (ஏஎம்) 4 வாட், ஒற்றைப் பக்கப்பட்டையில் (எஸ்எஸ்பி) உச்ச அளவாக 12 வாட் என்பது சட்ட வரம்பு ஆகும். புறத் திறன்பெருக்கிகள் தடை செய்யப்பட்டுள்ளன. ஆகவே விலை உயர்ந்த கருவி கூடுதல் திறனுடன் ஒலிபரப்பும் எனக் கருதுவது தவறு. கவனிக்க வேண்டியவை வருமாறு:

* பண்பேற்ற முறை: ஏஎம் மட்டும் உள்ள கருவியில் எஸ்எஸ்பி பேச்சு விளங்காது. தொலைதூரத் தொடர்புக்கு எஸ்எஸ்பி ஏற்றது. 2021 முதல் அதிர்வெண் பண்பேற்றமும் (எஃப்எம்) அனுமதிக்கப்பட்டுள்ளது. எனினும் இரு முனைகளிலும் அவ்வசதி இருத்தல் வேண்டும்.
* மின்வழங்கல்: கேலக்சி டிஎக்ஸ் 2547 போன்ற தளக்கருவிகளை வீட்டு மின்சாரத்தில் நேரடியாக இயக்கலாம். யூனிடன் பியர்கேட் 980 போன்ற வண்டிக் கருவியையும் 13.8 வோல்ட்டு நேர்மின் வழங்கியுடன் வீட்டில் பயன்படுத்தலாம். மின்வெட்டின்போது அதனை 12 வோல்ட்டு மின்கலத்துக்கு மாற்றிவிடலாம்.
* இரைச்சல் நீக்கம்: எல்இடி விளக்குகளும் கைபேசி மின்னேற்றிகளும் இவ்வலைப்பட்டையில் இரைச்சலை உண்டாக்குகின்றன. எனவே இரைச்சலைக் குறைக்கும் வசதி வீட்டு நிலையத்துக்கு இன்றியமையாதது.

ஆன்டெனாவும் வடமும்

திறன் அனைவருக்கும் ஒன்றே என்பதால், நிலையத்தின் எல்லையைப் பெரிதும் முடிவு செய்வது ஆன்டெனாவே. 27 மெகாஹெர்ட்சில் அலைநீளம் சுமார் 11 மீட்டர். அதன்படி கால் அலைநீள ஆன்டெனா சுமார் 2.75 மீட்டரும், அரை அலைநீள ஆன்டெனா சுமார் 5.5 மீட்டரும் இருக்கும். ஆன்டெனாவின் உச்சி தரையிலிருந்து 18.3 மீட்டருக்கு மேற்படாமல், அல்லது அது பொருத்தப்பட்ட கட்டடத்திலிருந்து 6.1 மீட்டருக்கு மேற்படாமல் இருக்க வேண்டும் என்பது விதி.

கோஆக்சியல் வடமும் முக்கியமானது. 30 மீட்டர் நீளமுள்ள மெல்லிய ஆர்ஜி-58 வடத்தில் திறனில் ஏறத்தாழ 40 விழுக்காடு வெப்பமாக இழக்கப்படுகின்றது. அதே நீளமுள்ள தடித்த ஆர்ஜி-213 வடத்தில் இழப்பு கால் பங்கிற்கும் குறைவு. நிறுவிய பின் நிலையலை விகிதத்தை அளவிட வேண்டும். அது 1.5 க்கு உட்பட்டிருப்பது நன்று. 3 ஐத் தாண்டினால் ஒலிபரப்புதல் கூடாது. ஆகவே வரவுசெலவில் பெரும்பங்கை ஆன்டெனாவுக்கும் வடத்துக்கும் ஒதுக்குவதே பயனுடையது.

பாதுகாப்பு

ஆன்டெனாவை நிறுத்தும்போது மின்கம்பியில் பட்டால் உயிரிழப்பு நேரிடும். கம்பத்துடன் அது முழுவதுமாகச் சாய்ந்தாலும் மின்கம்பியைத் தொடாத தொலைவில் இடத்தைத் தெரிவு செய்தல் வேண்டும். கம்பத்தைப் புவியுடன் இணைத்தல், வடம் வீட்டினுள் நுழையும் இடத்தில் மின்னல் தடுப்பி பொருத்துதல், இடிமழைக்கு முன் வடத்தைக் கருவியிலிருந்து கழற்றுதல் ஆகியனவும் தேவை.