புட்டியில் விட்டுவந்த பெயர்ச்சீட்டு

குழந்தைகளோடு வயல்வெளியிலும் காட்டோரத்திலும் நடந்து, யாரோ ஒளித்துவைத்த டப்பாவைத் தேடியெடுத்து, அதிலுள்ள நோட்டில் பெயர் எழுதி, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டு வருவதை ஜியோகேச்சிங் என்கிறார்கள். கையில் ஜிபிஎஸ் இருப்பதால் இதைச் செயற்கைக்கோள் காலத்துப் பிள்ளையாகவே பலரும் எண்ணுகிறார்கள். இதன் வேரோ 1854-இல், இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்து டார்ட்மூர் மேட்டுநிலத்தில் இருக்கிறது. சாக்ஃபோர்டு ஊர் வழிகாட்டியான ஜேம்ஸ் பெரட், டார்ட்மூரின் வடபகுதியில் கிரான்மியர் குளத்தருகே ஒரு புட்டியை வைத்தார். பெயரில்தான் குளம், உண்மையில் சேறு மண்டிய பள்ளம். பாதையற்ற சதுப்பைக் கடந்து அங்கே சேர்ந்தவர்கள், வந்ததற்கு அடையாளமாகத் தங்கள் பெயர்ச்சீட்டைப் புட்டிக்குள் போட்டுவிட்டுத் திரும்பினார்கள். பின்னாளில் புட்டிக்குப் பதில் பெட்டி வந்து, அதில் தன் முகவரி எழுதிய அஞ்சலட்டையை விட்டுவரும் வழக்கம் ஏற்பட்டது. அடுத்து வருகிறவர் அதை எடுத்துப்போய் அஞ்சலில் சேர்ப்பார். முகமறியாத ஒருவருக்காகச் செய்யும் இந்தச் சிறு உதவியில்தான் லெட்டர்பாக்ஸிங் என்று அழைக்கப்பட்ட இந்த விளையாட்டின் உயிர் இருந்தது.

ஆனாலும் அது வெகுகாலம் குடும்பங்களின் பொழுதுபோக்காக மாறவில்லை. 1894-இல் பெல்ஸ்டோனில் ஒரு பெட்டி. டார்ட்மூரைப் பற்றி எழுதிய வில்லியம் கிராசிங்கின் நினைவாக 1938-இல் டக்ஸ் பூலில் ஒன்று. 1976-இல் பெட்டிகளைக் குறித்து ஒரு வரைபடம் வெளியானபோது அதில் இருந்தவை வெறும் 15. அதற்குப் பின்னரோ எண்ணிக்கை ஆயிரக்கணக்கில் பெருகியது. நிலமும் சேறும் மாறவில்லை. அதுவரை வழிகாட்டிகளிடமும் பழகிய நடைக்காரர்களிடமும் தங்கியிருந்த இடக்குறிப்பு ஊரறிந்ததாயிற்று. பெட்டிக்குள் இருக்கும் ரப்பர் முத்திரையைத் தன் நோட்டிலும், தன் முத்திரையைப் பெட்டியின் நோட்டிலும் பதிக்கும் இன்பம் சிறுவர்களுக்கும் எட்டியது. இந்த விளையாட்டைக் குடும்பங்களுக்குத் திறந்துவிட்டது கருவியைக் காட்டிலும், இடத்தை மறைக்காமல் சொன்ன மனம்தான் என்று நான் கருதுவது இதனால்தான்.

செயற்கைக்கோள் இல்லாமல் ஜியோகேச்சிங் உலகெங்கும் பரவியிருக்குமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பொதுமக்களுக்கான ஜிபிஎஸ்ஸில் வேண்டுமென்றே கலந்திருந்த பிழையை 2000 மே மாதத் தொடக்கத்தில் அமெரிக்க அரசு நீக்கியது. நூறு மீட்டர்வரை தவறிய கருவி இருபது மீட்டருக்குள் காட்டத் தொடங்கியது. கடலில் கப்பலுக்கு முதலாவது போதும். புதரடியில் இருக்கும் டப்பாவைக் கண்டுபிடிக்க இரண்டாவதுதான் வேண்டும். அந்தப் பங்கை மறுக்க முடியாது. ஆனால் மே 3 அன்று ஆரகன் மாநிலக் காட்டில் நோட்டு, பென்சில், சில பொருள்களோடு வாளி ஒன்றைப் புதைத்த டேவ் உல்மர், அதன் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் இணையத்தில் எல்லோருக்கும் அறிவித்தார். அந்த இடக்குறிப்பைத் தன்னோடு வைத்துக்கொண்டிருந்தால் அது மண்ணில் கிடந்த ஒரு வாளி, அவ்வளவே. 1976-இல் வரைபடம் செய்ததை அந்த அறிவிப்பு செய்தது.

எல்லோருக்கும் சொன்னால் நிலம் கெடாதா என்பது இதைவிடக் கனமான ஆட்சேபம். கூட்டம் கூடினால் கல் புரளும், புல் மிதிபடும். டார்ட்மூர்க்காரர்கள் இதற்கு விதிகளால் பதில் சொன்னார்கள்: பழங்காலக் கல்வரிசைகளிலும் கற்குவைகளிலும் சுவர்களிலும் பெட்டி வைக்கக் கூடாது, சிமெண்ட் பூசக் கூடாது. ரகசியமாக வைத்துப் போகிறவரை யாரும் கேட்க முடியாது. இடம் தெரிந்தால்தான் தவறான இடத்திலிருந்து எடுக்கச் சொல்லவும் முடியும். ஜியோகேச்சிங்கில் தேடலின் கடினத்தையும் தரையின் கடினத்தையும் 1 முதல் 5 வரை தனித்தனியே குறிக்கிறார்கள். சிறு பிள்ளையோடு போகிறவர்கள் வழி எப்படிப்பட்டது என்று புறப்படும் முன்பே அறிந்துகொள்கிறார்கள். இவ்வளவும் சொன்ன பிறகும் தேடுவதற்கு மிச்சம் இருக்கிறது. கருவி சில மீட்டருக்குள் கொண்டுவந்து விட்டுவிடும். அதற்குமேல் வேரிடுக்கிலும் கல்லடியிலும் குனிந்து பார்க்க வேண்டும். அங்கே உயரம் குறைந்த பிள்ளையின் கண்ணுக்கே முதலில் தட்டுப்படலாம்.