விலைச் சீட்டும் காதும்: ஸ்பீக்கர் சரித்திரத்திலிருந்து சில குறிப்புகள்

ஒரு ஜோடி ஸ்பீக்கர் 15,000 ரூபாய்க்கும் கிடைக்குது, 15 லட்சத்துக்கும் கிடைக்குது. பிரித்துப் பார்த்தால் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே சாமான்கள்தான்: காந்தம், கம்பிச் சுருள், கூம்பு, ஒரு பெட்டி. அப்புறம் நூறு மடங்கு விலை எதற்கு? அதில் எவ்வளவு நம் காதுக்கு வந்து சேருது? முகப்பேரில் வீட்டு லோன் கட்டிக்கொண்டு, பசங்க ஸ்கூல் ஃபீஸையும் கட்டிக்கொண்டு, நல்ல ஸ்பீக்கருக்குக் காசு சேர்க்கிற என்னை மாதிரி ஆட்களுக்கு இது சும்மா கேட்கிற கேள்வி இல்லை. கடையில் கேட்டால் ஒரு பதில் கிடைக்கும். சரித்திரத்தைக் கேட்டால் வேறு பதில் கிடைக்குது. இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது பதிலைப் பற்றி.

1956-லிருந்து ஆரம்பிக்கலாம். அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் ஆராய்ச்சிப் பட்டத்தை முடித்த அமர் போஸ், தனக்குப் பரிசாக ஒரு ஹை-ஃபை செட் வாங்கினார். அப்பா நோனி கோபால் போஸ், வங்காளத்திலிருந்து போன சுதந்திரப் போராட்டக்காரர். மகன் மின் பொறியாளர். ஆகவே கடைக்காரர் பேச்சை நம்பாமல், விவரத்தாளில் எந்த எண்கள் நன்றாக இருக்கோ அதைப் பார்த்து வாங்கினார். வீட்டில் போட்டுக் கேட்டால் வயலின், வயலின் மாதிரியே இல்லை. சின்ன வயசில் அவரே வயலின் கற்றவர் என்பதால் அவரை ஏமாற்ற முடியவில்லை. எண்கள் சரி, சத்தம் தப்பு. இது எப்படி என்று தேடப்போனவர்தான் 1964-ல் போஸ் கம்பெனியைத் தொடங்கினார். 1968-ல் வந்த அவருடைய 901 மாடலில் 9 கூம்புகள். அதில் 8 பின்பக்கச் சுவரைப் பார்த்தபடி இருந்தன. கச்சேரி அரங்கில் நாம் கேட்பதில் பெரும்பகுதி சுவர்களில் பட்டுத் திரும்பி வரும் ஒலிதான் என்பது அவர் வாதம். அவர் கண்டுபிடித்த தீர்வு சரியா என்று இன்றுவரை சண்டை ஓயவில்லை. ஆனால் கேள்வி சரியான கேள்வி: அளக்க வேண்டியதை அளக்கிறோமா?

விலைக்கும் ஒலிக்கும் உள்ள உறவு அதே காலத்தில் இன்னொரு பக்கமும் ஆட்டம் காண ஆரம்பித்திருந்தது. அதுவரை ஆழமான அடித்தொனி, அதாவது பேஸ், வேண்டுமென்றால் பீரோ சைஸில் பெட்டி வேண்டும். அதை வாங்கப் பணக்காரராக இருக்க வேண்டும். 1954-ல் எட்கர் வில்ச்சர் கொண்டுவந்த ஏ.ஆர்-1, புத்தக அலமாரி சைஸ்தான். பெட்டியைக் காற்றுப் புகாமல் மூடி, உள்ளே அடைபட்ட காற்றையே கூம்புக்கு ஸ்பிரிங்காக வைத்துவிட்டார். சின்னப் பெட்டியிலிருந்து பெரிய பேஸ் வந்தது.

துளை வைத்த பெட்டிக்கு நம்ம ஊர் உதாரணமே இருக்கு: கடம். வித்வான் கடத்தின் வாயை வயிற்றில் அழுத்தியும் விலக்கியும் அந்த ‘கும்’ ஒலியை மாற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே எவ்வளவு காற்று, வாய் எவ்வளவு அகலம் என்ற இரண்டும் சேர்ந்துதான் அந்த ஒலியைத் தீர்மானிக்குது. துளை வைத்த ஸ்பீக்கரும் இதே கணக்குதான். ஆனால் பல காலம் அதைக் குத்துமதிப்பாகத்தான் செய்தார்கள். துளையை வெட்டுவது, கேட்பது, மறுபடி வெட்டுவது. ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961-ல் எழுதிய கட்டுரை இதைச் சூத்திரமாக்கியது. 1970-களில் ரிச்சர்ட் ஸ்மால் அதை முழுமைப்படுத்தினார். இன்று எந்த வூஃபரின் விவரத்தாளிலும் ‘தீல்-ஸ்மால்’ எண்கள் இருக்கும். அவற்றைக் கணினியில் போட்டால் பெட்டியின் அளவும் துளையின் நீளமும் வந்துவிடும். சாஃப்ட்வேர்க்காரர் பாஷையில் சொன்னால், பரம்பரை ரகசியமாக இருந்தது ஓப்பன் சோர்ஸ் ஆகிவிட்டது. ‘இந்த ட்யூனிங் எங்களுக்கு மட்டுமே தெரியும்’ என்று விலை ஏற்றுவதற்கான நியாயத்தில் பாதி அன்றே போய்விட்டது.

மீதிப் பாதியை லண்டனில் தேடலாம். 1970-களில் பி.பி.சி.யின் வெளிப்புற ஒலிபரப்பு வேன்களுக்கு ஒரு குட்டி ஸ்பீக்கர் தேவைப்பட்டது. எல்.எஸ்.3/5ஏ என்று பெயர். கொள்ளளவு சுமார் 5 லிட்டர். பெரிய எண்ணெய் கேன் ஒன்றின் அளவு. கெஃப் கம்பெனியின் வழக்கமான கூம்புகள்தான் உள்ளே. உழைப்பெல்லாம் கிராஸ் ஓவரில் போனது. எந்த அதிர்வெண் வூஃபருக்கு, எது ட்வீட்டருக்கு என்று பிரித்துக் கொடுக்கும் சின்ன சர்க்யூட் அது. பேச்சுக் குரல் இயல்பாக வர வேண்டும் என்பதே நோக்கம். பேஸைக் கிட்டத்தட்ட தியாகம் செய்துவிட்டார்கள். வேலைக்கான கருவியாகப் பிறந்த இந்தப் பெட்டி, பிற்காலத்தில் சேகரிப்பாளர்கள் தேடி அலையும் பொருளாகி விலை எகிறியது. கூம்பு அதே, சர்க்யூட் அதே, குரல் அதே. ஏறியது கதையின் மதிப்பு.

காது விலையை நம்புதா என்பதையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் கவுன்சிலில் பல வருஷம் இருந்த ஃப்ளாய்ட் டூல், பிறகு ஹார்மன் கம்பெனிக்குப் போய், 1994-ல் ஷான் ஆலிவுடன் ஒரு சோதனை நடத்தினார். கேட்டவர்கள் 40 பேர், ஸ்பீக்கர்கள் 4. முதலில் திரைக்குப் பின்னால் வைத்துக் கேட்கச் சொன்னார்கள். பிறகு கண்ணால் பார்த்துக் கேட்கச் சொன்னார்கள். திரை போட்டபோது, விலை குறைந்த குட்டி பிளாஸ்டிக் செட் பெரியவர்களோடு சமமாக நின்றது. திரையை எடுத்ததும் அதன் மதிப்பெண் சரிந்தது. கேட்டவர்கள் வழிப்போக்கர்கள் அல்ல, அந்தக் கம்பெனி ஊழியர்களே. 2004-ல் ஆலிவ் அடுத்த படிக்குப் போனார். 70 ஸ்பீக்கர்களின் அளவீடுகளை மட்டும் வைத்து, மக்களுக்கு எது பிடிக்கும் என்று கணிக்கும் சமன்பாட்டை எழுதினார். கணிப்புக்கும் உண்மைக்கும் ஒப்புறவு 0.86. ஏற்ற இறக்கமில்லாத சீரான ஒலிக்கு அதில் மதிப்பெண் உண்டு. பேஸ் எவ்வளவு கீழே இறங்குது என்பதற்கும் உண்டு. விலைக்கு மட்டும் அந்தச் சமன்பாட்டில் இடமே இல்லை.

அப்படியானால் விலை வெறும் மாயையா? அதுவும் இல்லை. பெட்டி சின்னது, பேஸ் ஆழம், குறைந்த மின்சாரத்தில் அதிக சத்தம்: இந்த மூன்றில் இரண்டுதான் கிடைக்கும், மூன்றாவதை விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். கே.எல்.ஹெச். கம்பெனியின் ‘ஹெச்’ ஆன ஹாஃப்மன் பெயரில் வழங்கும் விதி இது. பெரிய பெட்டி, கனமான காந்தம், அதிராத மரம், இதற்கெல்லாம் உண்மையிலேயே செலவாகும். அந்தக் காசு ஒலியாகத் திரும்பி வரும். வெனீருக்கும் வார்னிஷுக்கும் கொடுப்பது கண்ணுக்கு. அதையும் தப்பென்று சொல்ல மாட்டேன், தெரிந்து கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

நம் நாட்டில் இந்தக் குழப்பம் இன்னும் அதிகம். காரணம் சுங்கவரி. 1991 பட்ஜெட்டில் உச்சபட்ச இறக்குமதி வரியைக் குறைத்தார்கள். குறைத்த பிறகே அது 150 சதவீதம்! நூறு ரூபாய்ச் சரக்குக்கு நூற்றைம்பது ரூபாய் வரை வரி. ஃபாரின் செட் என்றால் பர்மா பஜார், இல்லையென்றால் துபாயிலிருந்து வரும் சித்தப்பா. கொல்கத்தாவில் 1970-ல் தொடங்கிய சோனோடைன் மாதிரி உள்ளூர் கம்பெனிகள் இந்தச் சுவருக்கு உள்ளே வளர்ந்தன. ‘விலை அதிகம்னா சத்தம் நல்லாயிருக்கும்’ என்று நம் தலைமுறை கற்றுக்கொண்டது இந்தக் காலத்தில்தான். அந்த விலையில் பெரும்பங்கு அரசாங்கத்துக்குப் போனது என்பதை யாரும் யோசிக்கவில்லை.

கடைசியாக, எந்தக் கம்பெனியும் ட்யூன் பண்ணித் தராத ஒன்று: நம் அறை. 12-க்கு 10 அடி அறை, 10 அடி உயரம் என்று வைத்துக்கொள்வோம். ஒலியின் வேகத்தை அறை நீளத்தின் இரண்டு மடங்கால் வகுத்தால் சுமார் 47 ஹெர்ட்ஸ். அகலத்துக்கும் உயரத்துக்கும் தலா 56. இந்த இடங்களில் அறையே கூட சேர்ந்து பாடும். 56-ல் இரட்டைக் குரலில். மரச்சட்டமும் ஜிப்சம் பலகையுமான அமெரிக்கச் சுவர் கொஞ்சம் பேஸை வெளியே விட்டுவிடும். நம் செங்கல், கான்கிரீட் சுவர் விடாது. பெரிய விலைக்கு வாங்கிய ஆழமான பேஸ், சின்ன அறையில் ‘தொம் தொம்’ என்று குழம்பிப்போக இது போதும்.

ஆகவே என் கணக்கு இது. சோதனைக்கு மிருதங்கம் எடுத்துக்கொண்டு போங்கள். அதன் கருப்புச் சோறு தோலின் ஒலியைச் சுருதியோடு சேர்க்குது என்று சி.வி. ராமன் 1920-லேயே ‘நேச்சர்’ இதழில் சிவகாளி குமாருடன் எழுதினார். வலந்தலையில் சுருதி தெளிவாகக் கேட்குதா, தொப்பியின் கும்காரம் அடித்ததும் அடங்குதா, இல்லை இழுத்துக்கொண்டே போகுதா என்று கவனியுங்கள். இரண்டு ஜோடியையும் ஒரே சத்த அளவில் வைக்கச் சொல்லுங்கள். கொஞ்சம் கூடுதல் சத்தமே ‘நல்ல ஒலி’ மாதிரி ஏமாற்றும். எது ஓடுது என்று தெரியாதபடி மாற்றி மாற்றிப் போட ஒரு நண்பரைக் கூட்டிக்கொண்டு போங்கள். கேட்டதைத் தாளில் எழுதிய பிறகு விலையைப் பாருங்கள். மிச்சமாகும் காசில் ஒரு பகுதி கனமான திரைச்சீலைக்கும், ஸ்பீக்கரைச் சுவரை விட்டுத் தள்ளி வைக்க நல்ல ஸ்டாண்டுக்கும் போகட்டும்.