தேக்கிய நீரும் தேக்கும் வெயிலும்

வெயிலைச் சேமிப்பதுபற்றி இன்று பேசுகிறோம். மழையைச் சேமித்த கதையைக் கல்முனைக் கரையோரம் நன்கறியும். 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் மாரி வெள்ளத்தை இங்கினியாகலையில் தேக்கியது. ஆயினும் மேல்மடை நிறைய, தமிழ்பேசுவோர் பலர் உழுத கடைமடை வறண்டது.

1981 சிறுபோகத்தில் தேக்கத்தில் இருந்ததோ கால்பங்கு நீரே. இடதுகரை விவசாயிகள் கூடினர், வாய்க்காலைத் துப்புரவு செய்தனர், முறைவைத்துப் பாய்ச்சினர். மேல்மடைச் சிங்கள விவசாயி மிச்சப்படுத்திய நீர் கீழ்மடைத் தமிழன் வயலை அடைந்தது.

2025 பெப்ரவரி 9, ஞாயிறு. பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கால் நேர்ந்த கோளாறு நாடெங்கும் மின்சாரத்தை நிறுத்தியது. தேவை குறைந்த நண்பகலில் சூரிய மின்சாரம் மிகுந்திருந்தமையால் வலையமைப்பு அவ்வதிர்ச்சியைத் தாங்கவில்லை. பகலில் மிகும் அம்மின்சாரம் அந்தியில் கிடைப்பதுமில்லை. ஆகவேதான் அயலிலுள்ள மொனராகலை மாவட்டத்துச் சியம்பலாண்டுவையின் 100 மெகாவாட் சூரியப் பண்ணைத் திட்டத்தில் மின்கலச் சேமிப்பும் இடம்பெற்றுள்ளது. வரவேற்போம்.

மின்கலம் நண்பகலை அந்திக்குக் கொண்டுசெல்லும். எவர் வீட்டு அந்திக்கு? அணை விடைசொல்லாத அதே கேள்வி இது. அன்று விடைகண்டோர் வாய்க்கால் வரம்பில் கூடிய விவசாயிகளே. இன்றும் கடைமடையிலுள்ளோரைக் கூட்டிக் கேட்டபின்பே பங்கீடு வகுக்கப்படவேண்டும்.