மேடை, திரை, சின்னத்திரை: பினாங்கு தந்த பி.ரம்லி

நடிகனுக்கு நடிப்பு மட்டும் தெரிந்தால் போதுமா? போதாது என்பதே பழைய பினாங்கு மேடையின் பாடம். இந்தியாவிலிருந்து வந்த பார்சி நாடகக் குழுக்களின் பாதிப்பில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கு தழைத்த மலாய் நாடகம் பங்சாவான். அதில் நிற்க வேண்டுமானால் பாடவும் ஆடவும் சிரிக்க வைக்கவும் தெரிய வேண்டும். சிவாஜி கணேசனை உருவாக்கிய பாய்ஸ் கம்பெனிப் பயிற்சியும் அப்படிப்பட்டதுதான். மலாய்ப் படவுலகின் தொடக்ககால நடிகர்கள் பலர் பங்சாவானிலிருந்து சென்றவர்களே.

1929இல் ஜார்ஜ் டவுனில் பிறந்த பி.ரம்லியோ இசை மேடையிலிருந்து சென்றவர். 1948இல் அவர் பாடக் கேட்ட இயக்குநர் பி.எஸ்.ராஜ்ஹான்ஸ் அவரைச் சிங்கப்பூருக்கு அழைத்துக்கொண்டார். ‘சிந்தா’ படத்தில் வில்லனாக நடித்ததோடு பின்னணியும் பாடினார். 1950இல் ‘பக்தி’யில் அவரைக் கதாநாயகன் ஆக்கியவர் சென்னையில் பிறந்த எல்.கிருஷ்ணன். 1955இல் ‘பெனாரெக் பெச்சா’ அவரை இயக்குநராக்கியது. ‘அனாக்கு சசாலி’யில் தந்தை, மகன் என இரு வேடங்கள் ஏற்று, 1957இல் டோக்கியோவில் நடந்த ஆசியத் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருது பெற்றார்.

1963 டிசம்பர் 28இல் மலேசியாவில் தொலைக்காட்சி தொடங்கியது. மறு ஆண்டு ரம்லி கோலாலம்பூருக்குக் குடிபெயர்ந்தார். அங்கு எடுத்த படங்களுக்குப் பழைய வரவேற்பு இல்லை. 1973இல் 44 வயதில் மறைந்தார். ‘டான் ஸ்ரீ’ பட்டம் வந்ததோ 1990இல்.

அவர் படங்களைத் திரும்பத் திரும்ப ஒளிபரப்பிப் புதிய தலைமுறையிடம் சேர்த்தது தொலைக்காட்சியே. ஆனால் அந்தக் கைதட்டலைக் கேட்கக் கலைஞன் இல்லை. இன்று நம்மிடையே உள்ள பன்முகக் கலைஞர்களை வாழும்போதே கொண்டாடுவோமா?