புலித் தைலம் வந்த வழி

தலைநோவுக்கு நெற்றிப்பொட்டில் புலித் தைலம் தடவுவது நம்மில் பலர்க்கு அன்றாட வழக்கம். அவ்விடத்தைச் சீன மருத்துவர் ‘தையாங்’ என்பர். தைலத்தைச் சிங்கப்பூர்ச் சரக்கென்போம். பிறந்த இடமோ இரங்கூன். பர்மா 1937 வரை பிரித்தானிய இந்தியாவின் பகுதி. தமிழரும் திரளாக வாழ்ந்த நகரம் அது. ஆவ் சூ கின் எனும் சீன மருந்தாளர் அங்கு தொடங்கிய கடையை, 1908இல் அவர் மறைந்தபின் மைந்தர் பூன் ஹாவும் பூன் பாரும் வளர்த்து, 1920களில் சிங்கப்பூருக்குப் பெயர்த்தனர். ‘ஹா’ என்றால் புலி. பெயர் மட்டுமே, புலிக்கொழுப்பு ஏதுமில்லை! உள்ளிருப்பவை கற்பூரம், மெந்தால், கிராம்பெண்ணெய் முதலியன. மெந்தால் தோலைக் குளிர்விப்பதில்லை. குளிரறியும் நரம்பைத் தூண்டுகிறது. கற்பூரமோ கைக்குழந்தைக்குத் தீங்கு. அதன் மூக்கருகே இத்தைலத்தைத் தடவலாகாது.