அச்சத்தின் முகவரி: இன்றைய லத்தீன் அமெரிக்கத் திகில் புனைவை வாசித்தலும் பரிந்துரைத்தலும்

திகில் நூலொன்றைப் பரிந்துரைப்பவரிடம் எல்லோரும் முதலில் கேட்பது, ‘ரொம்பப் பயமாக இருக்குமா?’ என்பதுதான். பதிப்பாளர்கள் பின்னட்டையில் எழுதுவதும் இந்தக் கேள்விக்கான பதிலையே. இலக்கிய வட்டங்களில் நிலைமை நேர்மாறு. அங்கே திகில் நூலைச் சிபாரிசு செய்பவர், ‘இது வெறும் பேய்க்கதை இல்லை, அரசியல் உருவகம்’ என்று சொல்லி அதற்கு மரியாதை வாங்கித் தரப் பார்ப்பார். முதல் வகையினர் பயத்தை அளக்கிறார்கள், இரண்டாம் வகையினர் பயத்துக்காக மன்னிப்புக் கேட்கிறார்கள். கடந்த பதினைந்து ஆண்டுகளில் லத்தீன் அமெரிக்கப் பெண் எழுத்தாளர்கள் எழுதியிருக்கும் இருள் புனைவை அணுக இரண்டுமே உதவாது என்பதே இக்கட்டுரையின் வாதம். அந்தப் பயம் எந்த இடத்திலிருந்து, யாருடைய செயலிலிருந்து வருகிறது என்று சொல்வதே பரிந்துரைப்பவரின் முதல் வேலை. கதையில் வரும் பேயைப் பேயாகவே ஏற்றுக்கொள்வது இரண்டாவது வேலை.

அர்ஜென்டினாவிலிருந்து தொடங்கலாம். 1976 மார்ச் முதல் 1983 டிசம்பர் வரை அந்நாட்டை ராணுவம் ஆண்டது. கடத்திச் செல்லப்பட்டுத் திரும்பாமலே போனவர்களில் ஏறத்தாழ 9,000 பேரை 1984இல் வெளியான அரசு ஆணைய அறிக்கை பதிவு செய்தது. மனித உரிமை அமைப்புகள் சொல்லும் எண்ணிக்கை 30,000. 1979 டிசம்பரில் செய்தியாளர் ஒருவர் காணாமல் ஆக்கப்பட்டவர்களைப் பற்றிக் கேட்டபோது, ராணுவத் தலைவர் ஹொர்ஹே ரஃபேல் விதேலா சொன்ன பதிலின் சாரம் இது: காணாமல் போனவர் உயிரோடும் இல்லை, இறந்தும் போகவில்லை, அவருக்கு இருப்பே கிடையாது. உடல் இல்லை, கல்லறை இல்லை, இறப்புச் சான்றிதழ் இல்லை. உயிருக்கும் சாவுக்கும் நடுவே ஒரு நிலையை ஒரு நாட்டின் தலைவரே கேமராக்களுக்கு முன்னால் அறிவித்துவிட்டார். அந்த நாட்டில் வளர்ந்த ஒருவர் பேய்க்கதை எழுதும்போது, அங்கே வரும் பேயை ‘உருவகம்’ என்று மட்டும் சொல்லிக் கடந்துபோக முடியாது.

மரியானா என்ரிக்கெஸ் அப்படி வளர்ந்தவர். 1973இல் புவனோஸ் அய்ரெஸில் பிறந்தார். ராணுவ ஆட்சி விழுந்தபோது அவருக்கு வயது பத்து. ‘பாகினா 12’ நாளிதழில் நெடுங்காலம் இதழாளராகப் பணியாற்றியவர். முதல் நாவலை 1995இலேயே வெளியிட்டுவிட்டார் என்றாலும், அவரை உலகம் அறிந்தது ‘தீயில் நாம் இழந்தவை’ என்ற 2016ஆம் ஆண்டுச் சிறுகதைத் தொகுதியால்தான். அதிலுள்ள ‘விடுதி’ என்ற கதையைச் சற்று நெருங்கிப் பார்ப்பது பயன் தரும்.

லா ரியோஹா மாகாணத்தில் ஒரு சிற்றூர். அங்குள்ள சுற்றுலா விடுதி, ராணுவ ஆட்சிக் காலத்தில் போலீஸ் பயிற்சிப் பள்ளியாக இருந்த கட்டடம். அந்தத் தகவலைப் பயணிகளிடம் சொன்ன வழிகாட்டியை விடுதிக்காரி வேலையை விட்டு அனுப்பிவிடுகிறாள். பழி வாங்க நினைக்கும் அவருடைய மகள், தோழியையும் கூட்டிக்கொண்டு இரவில் விடுதிக்குள் நுழைகிறாள். அறைகளிலுள்ள மெத்தைகளைக் கிழித்து உள்ளே இறைச்சித் துண்டுகளைத் திணிப்பது திட்டம். அழுகிப்போய் நாற்றம் கிளம்பினால் வியாபாரம் படுத்துவிடும். பிள்ளைத்தனமான குறும்புதான். அந்த வேலையின் நடுவில் வெளியே வண்டிச் சத்தம் கேட்கிறது. ஆண்கள் கத்திக்கொண்டு ஓடிவருகிறார்கள். ஜன்னல்களில் தட்டும் ஓசை. சிறுமிகள் அலறுகிறார்கள். ஆட்கள் வந்து பார்த்தால் வெளியே வண்டியும் இல்லை, மனிதர்களும் இல்லை.

இந்தக் கதையில் ரத்தம் இல்லை, சாவு இல்லை. பயத்தின் அளவை மட்டும் கேட்கும் வாசகர் ‘இவ்வளவுதானா?’ என்று புத்தகத்தை மூடிவிடக்கூடும். மாறாக, ‘ராணுவக் கொடுமையின் நினைவைக் குறிக்கும் உருவகம்’ என்று விளக்கிவிட்டால், அந்தச் சிறுமிகளுக்கு உண்மையிலேயே ஏதோ நேர்ந்தது என்பது மறைந்துவிடுகிறது. என்ரிக்கெஸ் அவர்களை ராணுவ ஆட்சிக்குப் பின் வந்த தலைமுறையில் வைத்திருப்பது தற்செயலாக இருக்க முடியாது. அந்த இரவுகளை அவர்கள் வாழவில்லை, ஆனால் அந்தக் கட்டடம் அவர்களை அந்த இரவுகளுக்குள் இழுத்துப் போடுகிறது. தந்தை வாயைத் திறந்து சொன்னதற்காக வேலை இழந்தார். அதே செய்தி மகளின் காதில் சத்தமாக விழுகிறது. கதையின் பலம் முழுக்க இந்த அமைப்பில்தான் இருக்கிறது.

அதே தொகுதியில் உள்ள ‘கறுப்பு நீருக்கு அடியில்’ இன்னும் கடுமையான எடுத்துக்காட்டு. புவனோஸ் அய்ரெஸின் தெற்கு விளிம்பில் ஓடும் ரியாச்சுவேலோ ஆறு, தோல் பதனிடும் ஆலைகளும் இறைச்சிக் கூடங்களும் தலைமுறைகளாகக் கழிவைக் கொட்டிய ஆறு. அதைத் தூய்மைப்படுத்த வேண்டும் என்று 2008இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமே அரசுக்கு உத்தரவிட்டது. 2002இல் போலீசார் சில இளைஞர்களை அடித்து இதே ஆற்றில் குதிக்கக் கட்டாயப்படுத்தினார்கள். ஒருவர் மூழ்கி இறந்தார், வழக்கில் போலீசார் தண்டிக்கப்பட்டார்கள். என்ரிக்கெஸின் கதை இப்படியொரு கொலையிலிருந்து கிளம்புகிறது. ஆற்றில் தள்ளப்பட்ட சிறுவர்களில் ஒருவன் திரும்பி வந்துவிட்டான் என்ற பேச்சு அரசு வழக்கறிஞரின் காதுக்கு எட்டுகிறது. அவர் தனியே அந்தக் குடிசைப் பகுதிக்குப் போகிறார். எப்போதும் இசையும் கூச்சலும் நிறைந்திருக்கும் இடம் அன்று ஓசையற்றுக் கிடக்கிறது. அங்கிருக்கும் பாதிரியார் சொல்லும் விளக்கம் கதையைத் தலைகீழாகப் புரட்டிவிடுகிறது: இத்தனை ஆண்டுக் கழிவும் அலட்சியத்தால் சேர்ந்ததல்ல, ஆற்றின் அடியில் உறங்கும் ஏதோ ஒன்றை மூடி வைப்பதற்காகக் கொட்டியது.

அமெரிக்க எழுத்தாளர் லவ்கிராஃப்ட் உருவாக்கிய, மனித அறிவுக்கு எட்டாத பழம்பெரும் உயிரிகளின் உலகத்தை என்ரிக்கெஸ் இங்கே வெளிப்படையாகவே எடுத்தாள்கிறார். லவ்கிராஃப்டின் கதைகளில் அந்த அச்சம் ஏழைகள் மீதும் வேற்றினத்தார் மீதும் அவருக்கிருந்த அருவருப்போடு பின்னிக் கிடந்தது. என்ரிக்கெஸ் அதே பொருளை எடுத்து, குடிசைப் பகுதி மக்களின் பக்கத்தில் நின்றுகொண்டு எழுதுகிறார். கொலையாளிக்குச் சீருடை இருக்கிறது, ஆற்றுக்குப் பெயர் இருக்கிறது. எழுந்து வருவதற்கு மட்டும்தான் பெயர் இல்லை. தற்காலத் திகில் இலக்கியத்தில் மரபைக் கைமாற்றிக்கொண்ட மிகத் தேர்ந்த செயல்களில் ஒன்று இது.

சமந்தா ஷ்வெப்ளின் வேறு பாதையில் நடக்கிறார். 1978இல் புவனோஸ் அய்ரெஸில் பிறந்து, இப்போது பெர்லினில் வாழ்பவர். 2014இல் ஸ்பானிய மொழியில் வெளிவந்து, ‘ஃபீவர் ட்ரீம்’ என்ற பெயரில் ஆங்கிலத்துக்குப் போன குறுநாவல், 2017ஆம் ஆண்டு மேன் புக்கர் சர்வதேசப் பரிசின் இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது. கிராமத்து மருத்துவமனைப் படுக்கையில் செத்துக்கொண்டிருக்கும் அமான்டாவிடம், டேவிட் என்ற சிறுவன் கேள்வி மேல் கேள்வி கேட்கிறான். நாவல் முழுக்க அந்த உரையாடல்தான். எந்தக் கணத்தில் எல்லாம் தொடங்கியது என்று கண்டுபிடிக்க வேண்டும் என்கிறான். எது முக்கியம், எது முக்கியமில்லை என்று அவளைத் திருத்திக்கொண்டே இருக்கிறான்.

அந்தக் கணம் வரும்போது படிப்பவர் அதைக் கவனிக்காமல் தாண்டிவிடுவார். வயல்களை நடத்தும் அலுவலகத்தின் முன்னால் ஆட்கள் லாரியிலிருந்து டிரம்களை இறக்கிக்கொண்டிருக்கிறார்கள். அமான்டாவின் சின்ன மகள் நீனா புல்தரையில் உட்கார்ந்து எழுகிறாள், உடையில் ஈரம். பனியாக இருக்கும் என்று தாய் நினைக்கிறாள். மகளுக்கு ஆபத்து வந்தால் எவ்வளவு நேரத்தில் ஓடிப்போய்ப் பிடிக்க முடியும் என்று எந்நேரமும் தூரத்தைக் கணக்கிடுபவள் அவள். அந்த நொடியில் மகள் கைக்கெட்டும் தொலைவிலேயே இருக்கிறாள், ஆனாலும் காப்பாற்ற முடியவில்லை.

களைக்கொல்லியைத் தாங்கி வளரும் மரபணு மாற்றச் சோயாவுக்கு அர்ஜென்டினா 1996இல் அனுமதி வழங்கியது. அடுத்த சில ஆண்டுகளிலேயே அதன் சமவெளி நிலங்கள் சோயாவாக மாறின. களைக்கொல்லித் தெளிப்புக்குப் பக்கத்தில் வாழும் தாய்மார்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். ஷ்வெப்ளினின் நாவலில் எந்த மருந்தின் பெயரும் வருவதில்லை, எந்த நிறுவனமும் வருவதில்லை. விஷத்துக்கு மாற்றாக அங்கே கிடைப்பது, நோயுற்ற பிள்ளையின் ஆன்மாவில் பாதியை வேறு உடலுக்குக் கடத்தும் பெண்ணொருத்தியின் சிகிச்சை. டேவிட் அப்படித்தான் உயிர் பிழைத்தான். பிழைத்து வந்தவனைத் தன் மகன் என்று தாயால் நம்ப முடியவில்லை. இதைச் ‘சுற்றுச்சூழல் நாவல்’ என்று மட்டும் பரிந்துரைத்தால், அந்தத் தாயின் திகில் அட்டைக்கு வெளியே நின்றுவிடும்.

அன்றாட வாழ்வுக்குள்ளிருந்தே அச்சத்தை எழுப்பும் இந்த முறைக்கு அந்தப் பகுதி இலக்கியத்திலேயே வேர் உண்டு. 1907இல் ஒராசியோ கிரோகா எழுதிய ‘இறகுத் தலையணை’ கதையில், புதுமணப்பெண் நாளுக்கு நாள் வெளிறிச் சாகிறாள். தலையணைக்குள் ரத்தம் குடித்துப் பருத்த ஒட்டுண்ணி கிடைக்கிறது. கதை இயற்கை அறிவியல் குறிப்பைப் போன்ற தொனியில் முடிகிறது. 1940இல் போர்ஹெஸ், பியோய் கசாரெஸ், சில்வினா ஒகாம்போ மூவரும் தொகுத்த மிகைபுனைவுத் தொகைநூல் அடுத்த மைல்கல். சில்வினாவின் வாழ்க்கையை என்ரிக்கெஸே நூலாக எழுதியிருக்கிறார். ஆகவே என்ரிக்கெஸும் ஷ்வெப்ளினும் ஹாலிவுட்டைப் பார்த்து எழுத வந்தவர்கள் என்பது அறியாமை. என்ரிக்கெஸ் ஸ்டீபன் கிங்கை ஆசையோடு படித்தவரும்தான்; இரண்டும் சேர்ந்தே அவருடைய எழுத்து.

அர்ஜென்டின எல்லையைத் தாண்டினாலும், பயம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி மாறுவதில்லை. எக்வடோரின் மோனிகா ஒஹெதா எழுதிய ‘தாடை’ (2018) மேட்டுக்குடி கத்தோலிக்கப் பெண்கள் பள்ளியில் நடக்கிறது. இணையத்தில் உலவும் பயங்கரக் கதைகளைத் தோழிகள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள, ஆசிரியை ஒரு மாணவியைக் கடத்திக் கட்டி வைக்கிறாள். மெக்சிகோவின் ஃபெர்னாண்டா மெல்சோர் எழுதிய ‘சூறாவளிப் பருவம்’ (2017), சூனியக்காரி என்று ஊரார் அழைத்த ஒருவரின் பிணம் கால்வாயில் கிடைப்பதில் தொடங்குகிறது. நாளிதழில் வந்த ஒரு கொலைச் செய்திதான் அதற்கு வித்து. பத்தி பிரிக்காமல் ஓடும் அதன் அத்தியாயங்களில் அமானுஷ்யம் எதுவும் நிகழ்வதில்லை. இருந்தும் இங்கே பேசப்படும் நூல்களில் மூச்சை மிக இறுக்குவது அதுதான்.

அகுஸ்தினா பஸ்தெர்ரிக்காவின் ‘டெண்டர் இஸ் த ஃபிளெஷ்’ நாவலை இந்த வரிசையில் சற்றுக் கீழேதான் வைக்க வேண்டியிருக்கிறது. 2017இல் கிளாரின் நாவல் பரிசு பெற்று, பிறகு டிக்டாக் வாசகர்களால் உலகம் முழுக்கப் பரவிய நூல் அது. விலங்குகளை வைரஸ் தாக்கியதாகச் சொல்லப்பட்டபின் மனித இறைச்சி சட்டபூர்வமாகும் உலகம். அந்த இறைச்சிக்கு ‘சிறப்பு இறைச்சி’ என்று பெயர். நாயகன் மார்க்கோஸ் ஆலையைச் சுற்றிக்காட்டும் பக்கங்கள் தொழில் நுணுக்கத்தோடு எழுதப்பட்டு உறைய வைக்கின்றன. ஆனால் நாவல் தன் பொருளைத் தானே விளக்கிக்கொண்டே போகிறது; எது எதைக் குறிக்கிறது என்று வாசகர் யோசிக்க இடமே விடுவதில்லை. உருவகம் முன்னே வந்துவிட்டால் திகில் பின்னே போய்விடும் என்பதற்கு இதுவே சான்று. மிக அதிகமாகப் பரிந்துரைக்கப்பட்ட நூலும் இதுவாக இருப்பதில் வியப்பில்லை. ஒரே வரியில் சொல்லிவிட முடிகிற கதை இது.

பரிந்துரையைப் பாதிக்கும் இன்னொன்று மொழிபெயர்ப்பின் வரிசை. தமிழ் வாசகர்களில் பெரும்பாலோருக்கு இந்நூல்கள் ஆங்கிலம் வழியாகவே கிடைக்கின்றன. என்ரிக்கெஸையும் ஷ்வெப்ளினையும் ஆங்கிலத்தில் தந்தவர் மேகன் மெக்டவல் என்ற ஒரே மொழிபெயர்ப்பாளர். இருவரின் நடையிலும் தெரியும் ஒற்றுமையில் அவருடைய கையும் இருக்கக்கூடும். என்ரிக்கெஸின் 2009ஆம் ஆண்டுத் தொகுதி ஆங்கிலத்தில் 2021இல்தான் வந்தது. 2016ஆம் ஆண்டுத் தொகுதியோ 2017இலேயே வந்துவிட்டது. ஆங்கில வாசகர்கள் பிந்தைய நூலை முதலிலும் முந்தைய நூலைப் பிறகும் படித்தார்கள். எழுத்தாளரின் வளர்ச்சியைப் பற்றிப் பேசும் விமர்சகர்கள் இதைக் கவனிக்காவிட்டால் தவறான முடிவுக்குத்தான் போவார்கள்.

குழந்தைகளுக்கு நேரும் கொடுமை இந்நூல்களில் திரும்பத் திரும்ப வருகிறது. அதை முன்கூட்டியே சொல்லிவிடுவது பரிந்துரைப்பவரின் கடமை. வாசகரின் மனநிலை தெரியாமல் நூலைக் கையில் திணிப்பது அன்பாகாது. அந்த எச்சரிக்கையோடு நின்றுவிடாமல், அந்தக் குழந்தை யார், எந்த ஊர், அதைக் காப்பாற்றத் தவறியது யார் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் பரிந்துரை முழுமையாகும்.

புதிதாகத் தொடங்குபவர் ‘விடுதி’ கதையை முதலில் படிக்கலாம். பிறகு ‘ஃபீவர் ட்ரீம்’. 200 பக்கங்களுக்குள் முடிந்துவிடும், ஒரே அமர்வில் படிப்பது நல்லது. அதன்பின் ‘கறுப்பு நீருக்கு அடியில்’. 2019இல் எர்ரால்தே பரிசு பெற்ற, என்ரிக்கெஸின் ‘இரவில் நம் பங்கு’ 600 பக்கங்களுக்கு மேல் விரியும் நாவல். தன் மகன் காஸ்பரை, இருளை வழிபடும் பணக்காரக் குடும்பங்களின் பிடியிலிருந்து காக்கப் போராடும் ஹுவானின் கதை அது. ராணுவ ஆட்சியின் கடைசி ஆண்டுகளில் தொடங்குகிறது. அதை இறுதிக்கு வைத்துக்கொள்ள வேண்டும். அதைத் திறக்குமுன் 2016ஆம் ஆண்டுத் தொகுதியிலுள்ள ‘அடேலாவின் வீடு’ கதையை மறக்காமல் படித்துவிடுங்கள்: சிறுமி அடேலாவையும் அந்த வீட்டையும் நாவலில் மறுபடி சந்திப்பீர்கள்.